லென்ஸ் சோதிக்க ஒரு முகம்

பழைய லென்ஸைப் பழுது பார்க்கிறவன் ஊரார் முகங்களையெல்லாம் தெளிவாக்கிக் கொடுப்பான். தன் வீட்டு முகத்துக்கு மட்டும் அவனிடம் ஒரு படம் இருக்காது. நல்ல சட்டை இல்லாத தையல்காரர்களே, பசியோடு பந்தி பரிமாறுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும். பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறைதான் பட்டறை. என் மனைவி அன்னபாக்கியம் காய்ச்சலில் போன பிறகு, அவள் படம் ஒன்றாவது எங்கேயாவது இருக்காதா என்பதே என் ஒரே ஏக்கமாகிவிட்டது.

தலைகீழ் முறைப்பு

லென்ஸைக் கழற்றி, பூசணம் எடுத்து, திரும்ப மாட்டியதும் சும்மா கொடுத்துவிட முடியாது. என்னிடமிருந்த வெறும் கேமராப் பெட்டியில் அதைப் பொருத்தி, எதிரே நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, பின்னால் இருக்கும் மங்கல் கண்ணாடியில் இமைமயிர் வரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு உட்காருகிறவள் அன்னபாக்கியம்தான். உலை கொதிக்கிற நேரத்தில் கூப்பிட்டால் எப்படிப் பார்ப்பாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு தடவை என்னைப் படமாத்தான் எடுங்களேன்" என்று கேட்டும் இருக்கிறாள். அடுத்தவன் லென்ஸில் நம் வீட்டுப் படம் எடுப்பது தொழிலுக்கு அழகில்லை என்று பெரிய நியாயம் பேசினேன். மடையன் நான்.

ஒருநாள் லென்ஸைத் திரும்ப வாங்கிப் போக வந்த டிராயிங் வாத்தியார் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மங்கல் கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும். அவர் வெளியே வந்து சொன்னார்: "தலைகீழா இருந்தாலும் உம்ம வீட்டம்மா முறைக்கத்தான் செய்யுதாவ வே!"

புளி போட்டுத் துலக்கியது

அவள் போனபின் நாற்காலியில் ஒரு மண்பானையை வைத்துச் சோதிக்க ஆரம்பித்தேன். பானைக்கு இமைமயிர் கிடையாது என்பது தவிர வேறு குறை இல்லை.

வெள்ளைக்கார ராஜாவின் முடிசூட்டு விழாவுக்குப் படம் எடுக்க வேண்டுமென்று கங்கைகொண்டான் பக்கத்துப் பண்ணையார் வீட்டிலிருந்து ஒரு லென்ஸ் வந்தது. கொண்டுவந்தவர் அந்த வீட்டுச் சமையல்காரர் சுடலைமுத்து. லென்ஸின் குழாய் பித்தளை அல்லவா, குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருக்கிறார். கண்ணாடி முழுக்கக் கீறல். திருகு மரையில் சிக்கியிருந்த புளியை எடுத்ததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆனாலும் பானையை இறக்கிவிட்டு அவரை நாற்காலியில் உட்கார்த்தினேன். இன்னும் சரியாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று பொய் சொல்லிச் சொல்லி ஒரு மணி நேரம் போக்கினேன். என் வீட்டில் இன்னொரு மனிதர் மூச்சுவிடும் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. எழுந்து போகும்போது பெருமையாகக் கேட்டார்: "கண்ணாடி கெடக்கட்டும் அண்ணாச்சி, குழாய் எப்படி மின்னுது பாத்தீங்களா?"

நான் தபாலாபீசுக்குப் போயிருந்த நாள்

ஆழ்வார்திருநகரியில் போட்டோ எடுக்கும் ஒருவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள் இறுகிப்போய் அவர் லென்ஸ் அடம்பிடிக்கும். இந்த முறை வந்தவர் பானையைப் பார்த்தார், விசாரித்தார், தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், போன தடவை நான் தபாலாபீசுக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய கேமராவிலேயே லென்ஸை மாட்டிப் பார்த்தாராம். எதிரே உட்கார்ந்த அன்னபாக்கியம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாளாம்.

என்னிடம் அவள் மூச்சு விடவில்லை. திட்டுவேன் என்று பயந்திருப்பாள். என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்துவிட்டது. அவர் அதை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார்: "மதினிதான் எடுக்கச் சொன்னாவ அண்ணாச்சி, ஒரே ஒரு பிளேட்டு, அன்னைக்கு மட்டும் சிரிச்சாவ."

வெந்நீர்த் தொட்டி

அந்தக் கண்ணாடி பிளேட்டை இன்னும் காகிதத்தில் படமாகப் போடவில்லை, வீட்டில்தான் கிடக்கிறது என்றார். மறுநாளே அவரோடு மாட்டுவண்டியில் புறப்பட்டேன். ஆற்றங்கரையோடு போகிற பாதையில் பொழுது முழுக்க உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிற்று. அவருடைய கூடத்தில் மரப்பெட்டி மரப்பெட்டியாகக் கண்ணாடி பிளேட்டுகளைத் தேடினோம். அவர் தம்பி உள்ளேயிருந்து வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் கொல்லையிலிருந்த தொட்டியைக் கை காட்டினார். பழைய பிளேட்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டு, மேலே படிந்திருக்கும் படத்தை உரித்துவிட்டு, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்களுக்கு வெறும் கண்ணாடியாகக் கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். போன வாரம்தான் தொட்டி நிறையப் போட்டிருக்கிறார்.

சுவரோரம் கழுவிய கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு மூலையிலாவது புடவைக் கரை, ஒரு விரல், எதுவும் மிச்சமில்லை. நான் அழுததைப் பார்த்துத் தம்பி பதறிப்போனார். பாவம், அவருக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார்: "எது வேணுமோ எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, எல்லாம் ஒரே அளவுதான்."

தொழிலுக்கு வந்த நாள்முதலாக அழுக்கைக் கண்டால் கை பரபரக்கிற நான், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சரியாகக் கழுவாத கண்ணாடி ஒன்றுக்காகப் இருபது மைல் போய், ஊரிலேயே சுத்தமாக வேலை செய்கிற ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன்.