திரு. அல்ல, டாக்டர்

குவைத்தில், ஃபஹாஹீலில் ஞானசேகரன் சார் மாரடைப்பில் போய்விட்டார் என்று வியாழக்கிழமை போன் வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! கேட்டால்தானே?

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், வாழ்நாள் ஆராய்ச்சி முழுக்க ஒரே கேள்விதான்: கல்லூரியில் ஒருவருக்குரிய மரியாதையை முடிவு செய்வது படிப்பா, தோலா, பாஸ்போர்ட்டா? துபாயில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில், முனைவர் பட்டம் வாங்கிய அவர் எல்லோருக்கும் 'மிஸ்டர் ஞானா'. பக்கத்து அறை வெள்ளைக்காரர் அந்தப் பட்டத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, அவர் 'டாக்டர்'. "பாத்தீரா காதரு, ஆராய்ச்சிக்கு ஊர் ஊரா அலைய வேண்டாம். வராண்டாவுல நின்னா போதும்" என்பார்.

அஜ்மானில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கதையே வேறு. வீம்புக்கு வாசலில் 'டாக்டர்' என்று போர்டு மாட்டினார். மறுநாளே லேபர் கேம்ப் தொழிலாளி ஒருவர் இருமிக்கொண்டு வந்து, "ஒரு ஊசி போடுங்க டாக்டரே" என்றார். போர்டைக் கழற்றுங்கள் என்றேன். "மாட்டேன். அங்க படிச்சும் டாக்டர் இல்ல, இங்க மருத்துவம் படிக்காமலே டாக்டர். சரியாப் போச்சு!" வந்தவரைக் காரில் ஏற்றி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போய்த் தொலைத்தேன்.

கல்லூரியில் கண்டதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். அதை அச்சுக்கு அனுப்பாவிட்டால் வேலை தொடரும் என்று மேலிடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அஜ்மான் திரும்பும் வழியெல்லாம் கெஞ்சினேன். "பிள்ளைங்க படிப்பு இருக்கு சார். வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

"உமக்கும் சேத்துத்தானவே எழுதியிருக்கேன்."

அனுப்பினார். வேலை போனது, கலாஸ், முடிந்தது கதை. பிறகு சவூதியில் அல் கோபார், அப்புறம் ஃபஹாஹீல். போன இடமெல்லாம் அதே கேள்வி, அதே வம்பு.

நேற்று நம் தமிழ்ச் சங்கத்தின் இரங்கல் அறிவிப்பு ஃபேக்ஸில் வந்தது. 'திரு. ஞானசேகரன்.' செயலாளருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர்னு போட்டா ஊசி போடுற டாக்டர்னு நெனச்சுக்குவாங்க பாய். விடுங்க, மனுஷனே போயிட்டாரு."

விடுவதாவது! கல்லூரியில்தான் கிடைக்கவில்லை, நம் ஆட்கள் நோட்டீஸிலுமா கிடைக்காது? மாற்றுகிறேன் என்று அவர் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிப்போகிறவன் நான். "உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று மனைவி வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஒன்றும் வரவில்லை, அவருடைய எரிச்சல் எனக்கு மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். வைத்துக்கொள்கிறேன், டாக்டர்.