இடது காதின் வாசல்

இல்லை, திமிரெல்லாம் கிடையாது. மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காதது என் மருமகளின் சுபாவம். கணினியில் ஒரு கருவியைச் செருகிவிட்டாள் என்றால் வீடே இடிந்தாலும் அவளுக்குத் தெரியாது. கொண்டையில் பென்சிலைக் குத்திக்கொண்டு, அதே பென்சிலை மேசை முழுக்கத் தேடுவாள்.

மருத்துவமனைக் கருவிகளுக்கு டிரைவர் எழுதுவது அவள் வேலை. கருவி சொல்வதைக் கணினிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற புரோகிராம் அது. ஐந்தாவதோடு நின்ற எனக்கே விளங்குகிற மாதிரி சொல்வாள். யுஎஸ்பியில் செருகியதும் கருவி ஒரு பட்டியலை ஒப்பிக்குமாம்: நான் இன்னார், எனக்கு இத்தனை வாசல், இது இன்ன வகை. அதற்கு டிஸ்கிரிப்டர் என்று பேர். ஒரு வகை வாசலில் தகவல் மூட்டை மூட்டையாக, அவசரமில்லாமல் வரும். இன்னொரு வகையில் துளித்துளியாக, ஆனால் நேரம் தவறாமல் வரும். வகை தெரியாமல் தட்டினால் ஒன்றும் வராது.

"கருவியோட வர்ற பேப்பர்ல ஆயிரம் எழுதியிருக்கும் மாமா. கருவியையே விசாரிச்சாதான் நிஜம் தெரியும்" என்பாள்.

பேத்தி பிறந்த பன்னிரண்டாம் நாள் காது சோதனை. வலது காதுக்குத் திரையில் கோடு ஏறி இறங்கியது. இடது காதுக்கு வெறும் கட்டம், கீழே 'பதில் இல்லை'. என் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவளோ கருவியைத் திருப்பி முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். அவள் கம்பெனியின் புதுக் கருவி. டிரைவரும் அவள் எழுதியதுதான்.

சோதனை செய்யும் பெண்ணைக் கெஞ்சி, பேத்தியை என் மடியில் போட்டுவிட்டு, கருவியைத் தன் லேப்டாப்பில் செருகினாள். பட்டியலை விரல் வைத்துப் படித்தாள். புதுக் கருவியில் இடது காதின் வாசல் வேறு வகையாக மாறியிருந்தது. நிறைமாத அவசரத்தில், பழைய கருவியோடு வந்த பேப்பரை நம்பி, இவள் பழைய வகையையே எழுதிவிட்டிருக்கிறாள். டிரைவர் தப்பாகத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

"ஊருக்கெல்லாம் சொல்றவ, நான் மட்டும் பாக்கல மாமா" என்றாள்.

கருவியின் கோளாறு தெரிந்ததே ஒழிய, காது சரியா என்று தெரியவில்லை. திருத்தி எழுத இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் பேத்தியின் இடது காது மேலே இருக்கும்படி படுக்கவைத்தே பால் கொடுத்தாள், ஓயாமல் ஏதாவது பேசிக்கொண்டே.

இன்று காலை மறுசோதனை. இரண்டு கோடும் குதித்துக் குதித்து ஏறின. மகன் என் தோளைக் கட்டிக்கொண்டான். எனக்குச் சட்டை நுனியால் கண்ணைத் துடைக்கவே நேரம் போதவில்லை. அவள் மட்டும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சோதனைப் பெண்ணின் மேசைக்குப் போனாள்.

"இந்த மெஷின் வந்ததுலேருந்து எத்தனை குழந்தைக்கு இடது காது பதில் இல்லன்னு எழுதினீங்க? எல்லாரையும் திரும்ப வரச் சொல்லணும். நம்பர் குடுங்க, அந்த அம்மாங்ககிட்ட நானே பேசுறேன்."