எனக்கு விழுந்த இரண்டுகள்

தமிழ் எண்கள் எனக்கு எழுதத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமில்லை. இந்த விஷயத்தில் ஊரில் பெரும்பாலோர் என் கட்சி. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். அங்கே கேன்டீன் கமிட்டித் தேர்தலுக்கு விதி எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, "விருப்ப எண்களைத் தமிழ் எண்களிலும் குறிக்கலாம்" என்று ஒரு வரியைச் சேர்த்தவன் நான்தான். யாரும் கேட்கவில்லை. வாக்கியம் கம்பீரமாக இருந்தது, அவ்வளவுதான்.

கமிட்டிக்கு மூன்று பேர். அதுவரை கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்பார்கள். பகல் ஷிஃப்டில் ஆள் அதிகம் என்பதால் மூன்று இடமும் பகலுக்கே போய்விடும். இரவு ஷிஃப்டில் உலையடியில் நிற்பவர்களுக்கு கேன்டீன் பூட்டியே கிடக்கும். வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுவந்த சோறு, சாப்பிடும் நேரத்துக்குள் சில்லிட்டுவிடும். கேன்டீனைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் கமிட்டி எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: சமையல் மாஸ்டர் ராத்திரியில் அடுப்பு மூட்ட ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆரம்பாக்கத்திலிருந்து வந்து இரவில் உலை பார்க்கும் ஃபர்னஸ்காரர் ஒருநாள் ஸ்டோருக்குக் கையுறை வாங்க வந்தவர், ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "இன்னா நைனா, நெருப்பு வளர்த்துக்கினு நிக்கிறது நாங்கோ, சூடா துன்றது மட்டும் நீங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. நான் பி.ஏ. அந்தப் புண்ணியத்தில், அப்போது இருந்த சட்ட மேலவைக்குப் பட்டதாரித் தொகுதியில் ஒருமுறை வாக்களித்திருந்தேன். அங்கே முத்திரை குத்துவதில்லை. பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எண் போட வேண்டும். ஒருவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்கு வீணாகாமல் அடுத்த விருப்பத்துக்கு மாறிப் போகும். சிறு கூட்டமும் சேர்ந்து போட்டால் ஓர் இடத்தைப் பிடித்துவிடலாம். இரவு ஷிஃப்டுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த முறை என்று எனக்குப் பட்டது. மானேஜரிடம் பேசினேன். சண்டை இல்லாமல் முடிந்தால் சரி என்று அவர் தலையாட்டினார்.

தொழிலாளர்களுக்கு விளக்க ஓர் உவமை தயாரித்தேன்.

"மொதல்ல இட்லி கேக்கறீங்க. இட்லி தீந்துபோச்சுன்னா பொங்கல் குடுன்னு சீட்டுலயே எழுதிக் குடுத்துடறீங்க. அவ்ளோதான்."

"இட்லி தீந்துபோச்சுன்னா நான் ஊட்டுக்குப் போயிக்கினே இருப்பேன் சார்," என்றார் மோல்டிங் ஃபோர்மேன். பகல் ஷிஃப்டு மொத்தமும் அவர் பேச்சைத்தான் கேட்கும். அந்தச் சிரிப்பிலேயே என் கூட்டம் கலைந்தது.

தேர்தல் அதிகாரியாக, வருகை பதியும் டைம் ஆபீஸ் பெரியவரைப் போட்டோம். திருமண் இட்ட நெற்றி, யாருக்கும் ஒரு நிமிடம் கூடச் சலுகை காட்டாத கை. திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், அங்கே வேறு ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டி வருபவர். ஆகவே வாக்கு மாறிப் போவதை அவருக்கு மட்டும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நின்றவர்கள் நான்கு பேர்: ஃபோர்மேன், லேத் ஓட்டும் பழவேற்காட்டு டர்னர் பாய், ஃபர்னஸ்காரர், நான். தோற்க ஒருவன் இருந்தால்தானே முறை எல்லோருக்கும் விளங்கும் என்று நான் நின்றேன். அப்போது அதை நம்பவும் செய்தேன். சீட்டை நானே தயாரித்தேன். பேப்பர் மிச்சம் பிடிக்கத் தலைப்பு எதுவும் போடாமல், மேல் விளிம்பிலேயே பெயர்களைத் தொடங்கினேன். அகர வரிசை. என் பெயர் அகரத்தில் தொடங்குவதற்கு என் பெற்றோர்தான் பொறுப்பு.

வாக்கு எண்ணிக்கை கேன்டீன் மேஜையில் நடந்தது. முதல் விருப்பத்தில் ஃபோர்மேனுக்குச் சீட்டு குவிந்தது. டர்னர் பாயும் தேவையைத் தாண்டினார். ஃபர்னஸ்காரருக்கு இரவு ஷிஃப்டு ஒன்று விடாமல் போட்டிருந்தது. ஆனாலும் கொஞ்சம் குறைந்தது. எனக்கு விழுந்தவை சொற்பம், என் வாக்கையும் சேர்த்து. மூன்றாவது இடம் யாருக்கு என்பது வென்ற இருவரின் மிச்ச வாக்குகள் கையில்.

பெரியவர் ஃபோர்மேனின் சீட்டுகளைப் பிரித்து இரண்டாவது விருப்பத்தைப் படித்தார். "ரெண்டு, சாருக்கு." சார் என்றால் நான். "ரெண்டு, சாருக்கு. இதுவும் சாருக்கு. தமிழ்லேயே போட்டிருக்கா."

எட்டிப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் அழகான ௨. சீட்டுக்குச் சீட்டு ௨. என் தமிழ் வரி மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது! யாருக்கும் முதலில் பிடிக்காமல், எல்லோருக்கும் அடுத்தபடியாகப் பிடித்துப்போகும் ஆள் நான் என்பது அன்றுதான் தெரிந்தது. தோற்பதற்காக நின்ற கொள்கை அந்த இடத்தில் எனக்கு மறந்துவிட்டது. நன்றியுரையின் முதல் வாக்கியம்கூட மனதில் ஓடியது.

ஃபர்னஸ்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்து டர்னர் பாயின் மிச்சச் சீட்டுகள். முதல் சீட்டைப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையுடன் சொன்னார்: "உமக்கு எழுநூத்தி எண்பத்தாறாவது விருப்பம்."

டர்னர் பாய் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். "ஐயோ சார், அது என் சீட்டு. அது அவருக்குப் போட்டது இல்ல. எழுதறதுக்கு முன்னாடி பிஸ்மில்லாவுக்குப் பதிலா நாங்க போடறது. நீங்கல்லாம் சுழி போட மாட்டீங்களா, அது மாதிரி."

இரகசிய வாக்கெடுப்பு அதோடு முடிந்தது. எல்லோரும் மேஜைமேல் கிடந்த என் இரண்டுகளைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க," என்றான் ஒரு மோல்டிங் ஆள். "நான் சீட்டு உச்சியில புள்ளையார் சுழி போட்டுட்டு ஃபோர்மேனுக்கு ஒண்ணு போட்டேன். வேற இன்னா பண்ணேன்?"

"நானும்தான்." "நானும்."

பெரியவர் பேனாவை மூடினார். "நாங்க நாமம் போடறவா, அந்தச் சுழி போடற வழக்கமில்லே. அதான் தோணலே. உமக்கு இவ்வளவு செல்வாக்கான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்தது."

நான் விடவில்லை. விதி விதிதான் என்றேன். சுழிக்கும் தமிழ் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே என்றேன். தமிழ்ப் பற்றால் எழுதியவர் ஒருவர்கூட இருக்க மாட்டாரா என்று கேட்டேன்.

"அப்ப நீ தமிழ்ல அஞ்சு எழுதிக் காட்டு நைனா," என்றார் ஃபர்னஸ்காரர். அன்று அவர் வாய் திறந்தது அப்போதுதான். "எழுதிட்டேன்னா அந்த எடம் உனுக்கு. நாங்க சில்லுனே துன்னுக்கினு போறோம்."

சாக்பீஸைக் கையில் வாங்கினேன். கரும்பலகையில் அன்றைய சாம்பார் என்னவென்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வளைவு போட்டேன். பார்த்தேன். அழித்தேன். இன்னொரு வளைவு.

"கத்திரிக்காயா சார்?" என்றார் ஃபோர்மேன்.

சாக்பீஸை வைத்துவிட்டு, சுழிகளை நீக்கி எண்ணச் சொன்னேன். இப்போது ஃபோர்மேனின் மிச்சச் சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் என்று ஒன்றுமே இல்லை; இட்லி தீர்ந்ததும் வீட்டுக்குப் போன வாக்குகள் அவை. ஃபர்னஸ்காரர் என்னைவிட நல்ல தூரத்தில் முன்னால் நின்றார். மூன்றாவது இடம் அவருக்குப் போனது. முறை சரியாகத்தான் வேலை செய்தது என்பதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். கெடுக்கப் பார்த்தது அதை எழுதியவன் மட்டும்தான்.

புதிய கமிட்டி கூடிய அன்றே இரவுச் சாப்பாடு தீர்மானமானது. அடுத்த திங்கள்கிழமை காலை, ஷிஃப்டு முடிந்து ஃபர்னஸ்காரர் வெளியே வரும்போது கேட்டருகே நின்றேன். "சூடா இருந்துச்சா?" என்று கேட்டேன். "நாக்கு பொத்துப்போச்சு நைனா," என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அந்த மகிழ்ச்சியில் நேரே கேன்டீனுக்குப் போனேன். சமையல் மாஸ்டர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷப் பிடிவாதத்தை ஒரு தேர்தல் அசைத்துவிட்டதே, அவரையும் பாராட்டிவிடுவோம் என்று, "ஒருவழியா நீங்களும் ஒத்துக்கிட்டீங்களே மாஸ்டர்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்ப சார் மாட்டேன்னேன்? ராவுல இங்கதானே படுத்துக்கினு இருக்கேன். இத்தினி வருஷமா என்னை எவனும் கேக்கவே இல்லியே."