ஜொஹரா மாமியின் பாட்டைப் படமெடுக்க அல் ஐன் போனது

எங்கள் கடற்கரை ஊரில் கல்யாண வீட்டுப் பெண்கள் ஆண்கள் கேட்காமல் தங்களுக்குள் பாடும் பழைய பாட்டுகளை ஒரு சின்ன ஆவணப்படமாக எடுக்க ஆசைப்பட்டு, போன மாதம் ஒரு சனிக்கிழமை அல் ஐன் போனேன். முழுப் பாட்டும் தெரிந்தவராக எனக்குக் கிடைத்தவர் ஜொஹரா மாமி மட்டும்தான். அவரும் மாமாவும் கடையை மூடிவிட்டு ஊருக்கே திரும்பிப் போகவிருந்தார்கள். இதைப் போர்வைக்குள் போனை வைத்து எழுதுகிறேன். உம்மா விழித்துக்கொண்டால் மாட்டிக்கொள்வேன்.

துபாயில் எங்கள் வீடிருக்கும் கராமாவிலிருந்து மெட்ரோவில் அல் குபைபா. அங்கிருந்து பஸ், இருபத்தைந்து திர்ஹம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முன்வரிசை பெண்களுக்கு. தனியாகப் போவது முதல் தடவை என்பதால் எங்கே இறங்குவது என்று டிரைவரிடம் இரண்டு முறை கேட்டேன். "அல் ஐன்தான் கடைசி ஸ்டாப் மகளே, தூங்கினாலும் தப்பாது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

மாமியின் வீட்டில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. "மூஞ்சியப் புடிக்காத புள்ள, கைய மட்டும் எடு. இவங்க கடையிலேருந்து வர்றதுக்குள்ள முடிச்சிரணும்" என்றார். 'இவங்க' என்றது மாமாவை.

அது சபர் போன, அதாவது வெளிநாடு போன, கணவனைப் பற்றிய பாட்டு. ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் பதில் பாடுவார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்தது அவனுக்குத் தெரியுமா என்று ஒரு அடி. கல்யாணமாகிப் பதினோரு வருடம் மாமி ஊரில்தான் இருந்தார், மாமா இங்கே. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, பதில் வரவேண்டிய நேரம் முழுக்க மாமி வெறுமனே கைதட்டினார்.

"பதிலையும் நீங்களே பாடுங்களேன் மாமி."

"கேக்குறவளே பதில் சொன்னா பைத்தியம்னுல்ல சொல்லுவாங்க!"

மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தது. 'வந்துவிடுவான், பொறுத்திரு' என்ற பொருளில் ஓர் அடி, வாசல் பக்கமிருந்து, ஆண் குரலில். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"சின்னப் புள்ளையில உம்மா மடியில கெடந்து கேட்டது. மறக்குமா?" என்றார் சிரித்தபடி.

மாமியின் கை நின்றுவிட்டது. "அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் போனீங்களா?"

மாமா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அழிச்சிரு புள்ள."

"மாமி, இது ஒண்ணுதான்…"

"அழி. எனக்குக் காட்டு."

காட்டி அழித்தேன்.

மாமா காரில் கொண்டுவந்து பஸ் நிலையத்தில் விட்டார். "நான் பாடாம இருந்திருக்கணும், என்னம்மா?" என்றார். சிக்னல் பச்சையானதை அவர் பார்க்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

போன வாரம் இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். போனில் அழித்தது உடனே போவதில்லை, ஒரு மாதம் குப்பைப் பெட்டியில் கிடக்கும். "வச்சுக்கட்டா மாமி?" என்று நேற்றுக் குரல்செய்தி அனுப்பினேன். கேட்டுவிட்டார். நீலக் குறி மட்டும் வந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ்ஸுக்கு மாலையில் கூட்டம் அதிகம், முன்னாலேயே வரிசையில் நில்லுங்கள். பஸ், மெட்ரோ கட்டணத்துக்கான நோல் கார்டில் இரண்டு வழிக்கும் பணம் போட்டு வையுங்கள். பதிவு செய்யும் முன் யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று விசாரியுங்கள். கதவைத் தாழிடுங்கள்.

அந்த ஒரு மாதம் இன்றிரவோடு முடிகிறது. மீட்டெடுக்கும் பொத்தான்வரை விரல் போய்ப் போய்த் திரும்புகிறது. மாமி அழி என்றார். அவர் வேண்டாம் என்ற பாட்டை நான் எப்படி வைத்துக்கொள்வது? முழுப் பாட்டும் படத்தில் இருப்பதாக வாப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பாட்டு இல்லை என்று விடிந்ததும் வாப்பாவிடம் சொல்ல வேண்டும். பாட்டு தொடங்கும் முன் எடுத்த மாமியின் கைகள் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன.