ஒன்றுக்கு அப்புறம் பத்து

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் இந்த ஒரகடம் ரோட்டில் இன்றைக்குப் பதினேழு வேன் என் பேரில் ஓடுகிறது. கம்பெனி ஆட்களை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் ரூமில் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். ஒரே ஒரு ஓட்டை வேனில் நானே டிரைவர், நானே கிளீனர் என்று ஆரம்பித்தவன். இருங்காட்டுக்கோட்டையில் எந்த கேட்டை எத்தனை மணிக்குத் திறப்பான், மறைமலை நகருக்கு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் புகுந்தால் கன்டெய்னர் லாரியிடம் மாட்டாமல் போகலாம், எல்லாம் எனக்கு விரல் நுனியில். கோட் போட்ட மேனேஜர்களே ஷிஃப்ட் நேரத்தை மாற்றுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவனை, காருக்குள் இருக்கிற ஒரு பாட்டுப்பெட்டி நாலு நாள் நாயாக அலைய விட்டது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

விஷயம் என் மனைவியின் வயிறு. அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. மண்ணூரில் ஏறினால் காஞ்சிபுரம் வருவதற்குள் தலையை வெளியே நீட்டிவிடுவாள். வேன்காரன் பெண்டாட்டிக்கு வேன் ஆகாது என்று ஊரில் கேலி செய்யாதவன் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்தன்று மண்டப வாசலில் சம்பந்தி அம்மாள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். இவள் வேனை விட்டு இறங்கினாள், இறங்கிய இடத்திலேயே கொட்டிவிட்டாள். பட்டுப்புடவை முந்தானை பாழ். சம்பந்தி அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். அந்த மூக்கை மூடியதை இவள் மறக்கவில்லை. அதற்கப்புறம் ஓசூர் பக்கம் போகவே இல்லை.

இப்போது மகளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு வைத்துவிட்டார்கள்.

"நீ வர்லன்னா எனக்கு வளையலே வாணாம்மா" என்று போனில் மகள் அழுகிறாள்.

"வந்து மறுபடியும் அவுங்க வாசல்ல நாறணுமா? இன்னொரு வாட்டி அந்தம்மா மூக்க மூடுச்சின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று இவள் அழுகிறாள்.

ரயிலில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருபத்தொரு சீர்த்தட்டை ரயிலில் யார் தூக்குவது? அதுவுமில்லாமல், வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு மகளைக் கையோடு அழைத்து வர வேண்டும்.

அவள் வயிற்றுக்கு ஒரே ஒரு மருந்துதான் உண்டு. கல்யாணமான புதிதில் ஸ்ரீபெரும்புதூர் கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து இருபத்து நாலு பாட்டுப் பதிந்து வைத்திருந்தாள். அது ஓடினால் கூடவே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வருவாள், வாந்தி வராது. ஆனால் வரிசை மாறக் கூடாது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அவள் வாய் பிடித்துவிடும். வாயில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றும் வந்தால் தீர்ந்தது கதை. கேசட் அறுந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு செல்போன் கடைக்காரர் அந்த இருபத்து நாலு பாட்டையும் தேடிப் பிடித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பெயர்கள்தான் கன்னாபின்னா என்று ஆங்கிலத்தில் இருந்தன. எனக்கு எழுத்துதான் தகராறு, எண் தகராறு இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் 1, 2, 3 என்று 24 வரைக்கும் நானே பெயர் மாற்றினேன்.

செல்போனிலிருந்து பாட்டை விட்டால் வேலைக்கு ஆகாது. எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு போன் வரும். பாட்டு நின்று, "மொதலாளி, ஆறாம் நம்பர் வண்டி பஞ்சர்" என்று காருக்குள் குரல் கேட்டால் அவள் வயிறு கலங்கிவிடும். பென்டிரைவைச் செருகி ஓட்டலாம் என்றால், நான் வாங்கியது பழைய கார், செருகுகிற ஓட்டை தளர்ந்து போயிருந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் தொடர்பு அறுந்து, பாட்டு முதலில் இருந்து தொடங்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே பாட்டைச் சேர்த்து வைக்க இடம் இருக்கிறது, ஒரு தடவை ஏற்றிவிட்டால் பிறகு பென்டிரைவே வேண்டாம் என்று காரை விற்றவர் சொல்லியிருந்தார். இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

முதல் நாள், ஓட்டிக்கொண்டே ஏற்றலாம் என்று ஒரகடம் வரைக்கும் போனேன். ஒரு பாட்டை உள்ளே இழுக்க அந்தப் பெட்டி எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் வெற்றிலை போட்டு, மென்று, துப்பி, வாயும் கொப்பளித்துவிடலாம். ஏழாவது பாட்டில் ஒரு பள்ளம். தொடர்பு போயிற்று. ஏறிய ஆறும் எங்கே போயின என்று தெரியவில்லை, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. திரும்பி வருகையில் பன்னிரண்டாவது பாட்டில் இன்னொரு பள்ளம். நம் ரோட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த நாள் போதாது.

இரண்டாம் நாள், காரை ஷெட்டில் நிறுத்தி வைத்து ஏற்றுவது என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் சட்டமே என் காலைச் சுற்றியது. கம்பெனி கேட்டில் ஆளுக்காகக் காத்திருக்கும்போது, என் டிரைவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு, எஞ்சினை ஓட விட்டுத் தூங்குவார்கள். ஐடிலிங் என்று பேர் அதற்கு. அப்படி மாட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமை எல்லா வேனையும் கழுவ வேண்டும் என்று நான் சட்டம் போட்டு வருஷக் கணக்காகிறது. சட்டம் போட்டவன் மீறலாமா? எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பாதி மட்டும் திருப்பி, பெட்டியை மட்டும் ஓட விட்டேன். பத்தொன்பது பாட்டு ஏறிவிட்டது. இன்னும் ஐந்துதான் பாக்கி என்று டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் திரை கருப்பு. பேட்டரி செத்துவிட்டது. என் வேனிலிருந்தே ஒயர் போட்டு என் காரை உசுப்ப வேண்டி வந்தது. ஏறியிருந்த பத்தொன்பதும் போயே போய்விட்டன.

வீட்டுக்கு வந்தால் இவள் கேட்கிறாள்.

"பாட்டு ஏறுச்சா?"

"பேட்டரி பூடுச்சி."

"நான் கேட்டது பாட்ட. நெனச்சேன் நான். எனக்கு ஒடம்பு சரியில்லன்னு புள்ளயாண்ட சொல்லிரு."

"இன்னும் மூணு நாள் கீது, சும்மா இரு."

மூன்றாம் நாள் வேறு வழியில்லை. நடுப்பகலில், ஷெட் நடுவில், எஞ்சினை ஓட விட்டுக் காருக்குள் உட்கார்ந்தேன். கதவைத் திறந்து கீழே இறங்கினால் அந்த ஓட்டை ஆடிவிடுமோ என்று ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. ரெண்டாம் ஷிஃப்டுக்குப் போக வேண்டிய டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து காரைச் சுற்றி நின்றார்கள். அதில் மூத்தவர் என்னோடு ஆரம்ப காலத்திலிருந்து இருப்பவர். அவருக்கு என்னிடம் பயம் கிடையாது. கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னா மொதலாளி, வண்டி நின்னுகினு கீது, எஞ்சின் ஓடிகினு கீது?"

"பாட்டு ஏறுது. தொந்தரவு பண்ணாத."

"அதுக்கு இன்னா பேரு மொதலாளி? ஐ... ஐடி... வாய்ல வர்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"யோவ், இது குடும்ப விஷயம்யா. அக்கா ஓசூருக்குப் போவணும்."

"நான் தூங்குனதும் குடும்ப விஷயந்தான் மொதலாளி. வூட்ல கொழந்த தூங்க வுடல. நாயித்துக்கெழம பக்கெட் எந்த எடத்துல வைக்கட்டும்?"

ஞாயிறு அன்று ஓசூரில் இருப்பேன் என்பதால், மறுநாள் காலையிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவினேன். பதினேழையும் இல்லை, ஒன்றைத்தான். ஆனால் நான் கழுவிய மாதிரி என் டிரைவர் எவனும் இதுவரைக்கும் கழுவியதில்லை. மூத்தவரே வந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொழில மறக்கல மொதலாளி" என்றார்.

இருக்கட்டும். அந்த மூன்றாம் நாள் இருபத்து நாலு பாட்டும் ஏறிவிட்டது. பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலுக்குக் காரை ஓட்டிப்போய் இவளை உட்கார வைத்தேன். முதல் பாட்டு பாடியது. இவள் முகம் தெளிந்தது. பாட்டு முடிகிற சமயம் இரண்டாவது பாட்டுக்கு வாயைத் திறந்தாள். பெட்டி வேறு ஏதோ பாடியது.

"இது இல்லய்யா. இது பத்தாவதா வர்றது."

அதைத் தள்ளிவிட்டால் பதினொன்றாவது வருகிறது. அப்புறம் பன்னிரண்டு. பத்தொன்பது வரைக்கும் போய்விட்டு, அதற்கப்புறம்தான் இரண்டு. அதையும் தள்ளினால் இருபது. இவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நின்ற காரிலேயே குமட்டுகிறதாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை ஓங்கிக் குத்தியிருப்பேன். நாலாம் வகுப்பு படித்த எனக்கே தெரியும், ஒன்றுக்கு அப்புறம் இரண்டு. இதைச் செய்தவன் என்ன படித்துக் கிழித்தான்?

என் வீட்டு மாடியில் ஆறு ரூம் வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பக்கத்துக் கம்பெனியில் உதிரி பாகங்களைச் சரிபார்க்கிற வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல இறங்கி வந்தவள், நான் காரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றுவிட்டாள்.

"என்னய்யா, வண்டிய இந்த ஏச்சு ஏசுதீய?"

விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணுக்கு முன்னால சைபர் போடலியோ? அது எண்ணுன்னு பாக்காதுய்யா, எழுத்துன்னுல்லா பாக்கும். ஒண்ணுல தொடங்குத எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துரும். எங்க லைன்ல ட்ரேக்கு 01, 02ன்னுதான் எழுதுவோம். இல்லன்னா கம்ப்யூட்டர்ல பத்தாவது ட்ரே ரெண்டாவதுக்கு முன்னால வந்து நிக்கும். சூப்பர்வைசர் வந்து எங்கள வைவாரு."

"முன்னாடி போடுற சைபருக்கு மதிப்பு ஏதும்மா? பின்னாடி போட்டாத்தான மதிப்பு?"

"மதிப்பு இல்லய்யா. ஆனா வரிச நிக்கும்."

ஒரு வாழ்நாள் முழுக்க, சைபரைப் பின்னால் சேர்த்துச் சேர்த்தே முன்னுக்கு வந்தவன் நான். முன்னால் ஒரு சைபர் போட ஒரு பெண் எனக்குச் சொல்லித் தருகிறாள். போய் முதல் ஒன்பதுக்கும் போட்டேன். நாலாம் நாள், வேனைக் கழுவிய கையோடு, மறுபடியும் எஞ்சினை ஓட விட்டு உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஏற்றியதை அழித்துவிட்டு மறுபடி இருபத்து நாலையும் ஏற்றினேன். இந்தத் தடவை டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அது முந்தின நாள் கேலியைவிடக் கேவலமாக இருந்தது. ஒன்றுக்கு அப்புறம் இரண்டு வந்தது. இரண்டுக்கு அப்புறம் மூன்று வந்தது.

ஞாயிறு காலையில் கிளம்பினோம். வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர் எல்லாம் தாண்டியாயிற்று. இவள் பாடிக்கொண்டே வந்தாள். இருபத்து நாலும் முடிந்து மறுபடியும் ஒன்று. எனக்குத்தான் தலை வெடித்தது. கிருஷ்ணகிரியில் மூன்றாவது சுற்று தொடங்கியபோது காரைப் பாலத்திலிருந்து கீழே இறக்கிவிடலாமா என்று யோசித்தேன். ஓசூரில் சம்பந்தி அம்மாள் வாசலில் நிற்கிறார். இவள் இறங்கினாள். புடவை மடிப்பு அப்படியே இருக்கிறது, தலைப்பூ வாடவில்லை.

"பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்று சம்பந்தி அம்மாள் கேட்டார்.

"எனக்கு இன்னா சம்பந்திம்மா, பாட்டு கேட்டுகினே வந்தேன்" என்றாள் இவள், ஏதோ தினமும் காரில் ஊர் சுற்றுகிறவள் மாதிரி. நாலு நாள் நான் பட்டதைப் பற்றி ஒரு பேச்சு? கிடையாது. சரி, போகட்டும். மகள் கைக்கு முதல் வளையலை இவள்தான் போட்டாள்.

சாயங்காலம் மகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தாயும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் பாட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டு வருவதற்குள் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, நிறுத்துப்பா. இந்தப் பாட்ட கேட்டாலே எனக்குக் கொமட்டுது. சின்ன வயசுல இருந்து இதையே கேட்டு..."

நான் கண்ணாடியில் இவளைப் பார்த்தேன். இன்னும் நாலு மணி நேரத்துப் பாதை இருக்கிறது. பாட்டு இல்லாமல் இவள் தாங்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

"இன்னா பாத்துகினு கீற? புள்ள சொல்றால்ல, நிறுத்து."

"நாலு நாளு நான்..."

"நிறுத்துன்னா நிறுத்தேன்."

நிறுத்தினேன். ஆம்பூர் வரைக்கும் இவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். வேலூர் தாண்டியதும் "ஓரங்கட்டு" என்றாள். இறங்கினார்கள். முதலில் இவள் கொட்டினாள். மகள் இவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருந்தவளுக்கும் வந்துவிட்டது. இவள் வாயைத் துடைத்துக்கொண்டு மகள் நெற்றியைப் பிடித்தாள். போகிற லாரி வெளிச்சத்தில் பார்க்கிறேன், ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். வளையல் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்கள்.

"மூக்க மூட இங்க யாருமில்ல, நல்லா வாந்தி எட்றி" என்றாள் இவள் மகளிடம்.

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு, இதற்கா நாலு நாள் என்று நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து ஒருத்தியாவது கை நீட்டினால்தானே கொடுக்க?