முதலையின் பல்

விருத்தாசலத்தில் இருப்பதை மியூசியம் என்று சொல்லவே ஒரு தைரியம் வேண்டும். ஒரே ஒரு கூடத்தில் பஞ்சு பிதுங்கிய நரியும் வாய் பிளந்த முதலையும் கிடந்தன. மீசைக்குச் சாயம் பூசிய காவலாளி, ஏதோ தன் வீட்டு மாடு போல அந்த முதலையின் தலையைச் சாவிக்கொத்தால் தட்டிக்கொண்டே இருந்தார்.

பத்து வயதில் அதன் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் நான். முப்பது வருடமாக அந்தத் திருட்டு உறுத்தியது. கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்த பல்லை நீட்டி மன்னிப்புக் கேட்டேன். மனிதர் உருகிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் அதை நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"இது பீங்கானுங்க. சொந்தப் பல்லெல்லாம் எப்பவோ போயிடுச்சு. பசங்க புடுங்கிட்டே இருக்கறாங்க, நாங்களும் சூளையில சொல்லி செஞ்சிட்டே இருக்கறோம். இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதில் பாதிக்குமேல் பற்கள். என்னுடையதையும் உள்ளே போட்டு ஒரு குலுக்கு குலுக்கினார்.

"வேணும்னா நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார்.

குனிந்து தேடினேன். முப்பது வருடம் பொத்திவைத்த பல் எதுவென்று எனக்கே தெரியவில்லை.