மூன்றாவது இருக்கை

விமானிகள் இருவருக்கும் பின்னால், மீட்டர்கள் நிறைந்த பக்கச் சுவரைப் பார்த்தபடி இருப்பதுதான் அவருடைய இருக்கை. ஃப்ளைட் இன்ஜினியர். எரிபொருள், எஞ்சின், எங்கே இறங்கத் தொடங்குவது என்ற கணக்கு, எல்லாம் அவர் பொறுப்பு. பெண்டாட்டியிடம் பேசுவதைவிட அந்தச் சுவரிடம் அதிகம் பேசுபவர் என்று சக ஊழியர்கள் கிண்டலடிப்பார்கள்.

அந்தக் கணக்கையெல்லாம் தானே போடும் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைச் சோதித்துச் சொல்லக் கம்பெனி அவரையே அனுப்பியது.

"நீங்க சரின்னா சரி," என்றார் மேலாளர். பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டோம் என்பது உறைத்தது.

மனைவியின் தம்பி காத்திருந்தான். வேறொரு விமானத்தில் அவனுக்கும் அதே இருக்கைதான்; கம்ப்யூட்டர் சரியென்றாகிவிட்டால் அந்த இருக்கையே இருக்காது.

"தப்பாக் காட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. நாங்க பொழைச்சுக்குவோம்."

"தப்பு இருந்தா சொல்லாம இருப்பேனா?"

"இல்லன்னா?"

மனைவி கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

சோதனைப் பறப்பில், "இப்ப இறங்க ஆரம்பிக்கணும்," என்றார் அவர். கம்ப்யூட்டர் பெட்டியின் பச்சை எழுத்துகள் இன்னும் பொறு என்றன.

"பெட்டி சொல்றபடியே போய்ப் பாப்போம்," என்றார் கேப்டன்.

இனி உயரம் மிஞ்சிப்போகும், ஓடுபாதைக்கு மேலே ஒரு சுற்று சுற்றத்தான் வேண்டும் என்று காத்திருந்தார். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அது வெட்கமாகவும் இருந்தது. விமானமோ வேண்டிய உயரத்துக்கு அலுங்காமல் வந்து சேர்ந்தது. அவர் கணக்கில் இருந்தது காலையில் சொன்ன காற்று. பெட்டியோ, விமானத்தைத் தாமதப்படுத்தும் அப்போதைய எதிர்காற்றை அளந்திருந்தது.

கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பிறகும் பல பறப்புகள். தப்பு ஒன்று கிடைக்காதா என்று சல்லடை போட்டுத் தேடினார். கடைசியில் மேலாளரிடம் போய், "சரியாத்தான் இருக்கு," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது.

மூன்றாவது இருக்கை இல்லாத விமானங்கள் வந்தன. மைத்துனன் ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்கப் போனான். அக்காவைப் பார்க்க வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போவான். அவரை, அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர்களே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலில்லாத அறை, பலகையில் விமானியறை போலச் செய்த காக்பிட். மாற்றி எழுதிய ஒவ்வொரு நிரலையும் அங்கே உட்கார்ந்து அவர் ஓட்டிப் பார்க்கவேண்டும். எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். வேறு எங்கும் அவருக்குத் தெரிந்த வேலை மிச்சமில்லை.

"விட்டுடலாம்னு பாக்கறேன்," என்றார் ஒருநாள் மனைவியிடம்.

"விட்டுட்டு?"

மறுநாள் காலையில் போய்ப் பலகை காக்பிட்டில் உட்கார்ந்தார். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் தட்டினார். திரையில் பாதை விரிந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, அது சொல்வதைப் பார்க்கத் தொடங்கினார்.